ஆரல்வாய்மொழி முதல் ஆரியசாலை வரை: 1809ஆம் ஆண்டுப் போரும் அதன் பின்விளைவும்

திருவனந்தபுரத்தின் கிழக்குக்கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெருவும் அதனை ஒட்டிய ஆரியசாலையும், தெற்கேயிருந்து வரும் பெருவழி தலைநகரை அடையும் இடத்தில் அமைந்தவை. நாஞ்சில் நாட்டையும் திருநெல்வேலிச் சீமையையும் திருவிதாங்கூரின் தலைநகரோடு இணைத்த அந்தப் பெருவழி ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலையைக் கடந்து, கோட்டாறு, பத்மநாபபுரம், குழித்துறை, நெய்யாற்றின்கரை, கரமனை ஆகிய ஊர்களைத் தொட்டு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு நடந்து கோட்டை வாயிலுக்கு வந்து சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியபோது, இந்த வழியின் முடிவில் வணிகத்துக்கு ஒரு நிலையான இடம் வேண்டும் என்னும் தெளிவோடு செயல்பட்டார் என்றே கொள்ள வேண்டும். ஆரியசாலைப் பகுதியின் வணிகத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றளவும் கொண்டிருக்கும் இடத்துக்கு அந்த வழியே காரணம். அருகிலுள்ள வலியசாலைச் சிவன் கோயிலை முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலையோடு அறிஞர் பலர் பொருத்திக் காட்டுவதை நினைவில் கொண்டால், படைகளும் தெற்குநாட்டு மக்களும் இப்பகுதிக்கு வந்துபோன வரலாறு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது என்பது விளங்கும்.

அந்த நீண்ட வரலாற்றில் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் தனித்து நிற்கிறது. அன்று விடியற்காலையில் ஆரல்வாய்மொழியின் மதில் வீழ்ந்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிட்ட அந்தச் சண்டை, ஒரு நாட்டின் படை, ஆட்சிமுறை, கோயில் நிர்வாகம், வரிமுறை ஆகிய அனைத்தையும் மாற்றியமைத்தது. ஐரோப்பாவில் நெப்போலியனை எதிர்த்து நடந்த போர்களின் தேதிகளைப் பள்ளிப் பாடத்திலேயே மனப்பாடம் செய்துவிடும் நம்மவர்களில் பலர், அதே ஆண்டுகளில் அதே ஆங்கிலேயர் நம் மலைக்கணவாயில் நடத்திய இந்தப் போரை அறியாதிருப்பது வருந்தத்தக்கது. இரண்டும் தொடர்பற்றவையும் அல்ல. 1809 ஜனவரி 15 அன்று கொல்லத்தில் திருவிதாங்கூர்ப் படையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதின; அதற்கு மறுநாள், ஜனவரி 16 அன்று, ஸ்பெயினின் கொருன்னாவில் சர் ஜான் மூரின் ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரரோடு பொருதியபடி கப்பலேறித் தப்பிக்கொண்டிருந்தது. மொரீசியஸ் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததால், மலையாளக் கரையில் எழும் எந்தக் கலகத்துக்கும் அங்கிருந்து உதவி வந்துவிடக்கூடும் என்னும் அச்சம் கம்பெனி அதிகாரிகளிடம் இருந்தது. திருவிதாங்கூர் மீது அவர்கள் காட்டிய கடுமையின் ஒரு பகுதிக்கு இந்த அச்சமே காரணம்.

போரின் வேர் பணத்தில் இருந்தது. கம்பெனி தன் படையை ஓர் அரசரின் நாட்டில் நிறுத்தி அவருக்குப் பாதுகாப்பு அளிப்பதும், அதற்கான செலவை அந்த அரசர் ஆண்டுதோறும் செலுத்துவதும் துணைப்படைத் திட்டம் எனப்பட்டது. திப்பு சுல்தானின் படையெடுப்புக்குப் பின் 1795இல் திருவிதாங்கூர் இத்தகைய உடன்படிக்கைக்குள் வந்தது. 1805 ஜனவரியில் கையெழுத்தான இரண்டாம் உடன்படிக்கை, மேலும் ஒரு படைப்பிரிவின் செலவைச் சேர்த்து ஆண்டுத் தொகையை ஏறத்தாழ 8 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அத்தொகையைவிடக் கொடியது அதனோடு வந்த விதி. பணம் முறையாக வராது என்று கவர்னர் ஜெனரல் கருதினால் நாட்டின் நிர்வாகத்தையே தம் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்றும், உள்நாட்டு ஆட்சியில் கம்பெனியின் ஆலோசனைக்கு மகாராஜா செவிசாய்க்க வேண்டும் என்றும் அது கூறியது. அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக அமர்ந்த அதிகாரி ரெசிடென்ட் எனப்பட்டார். அப்பதவியில் இருந்தவர் கர்னல் காலின் மெக்காலே. இந்தியக் கல்விமுறையைப் பற்றிப் பின்னாளில் குறிப்பு எழுதிய தாமஸ் மெக்காலேக்கு இவர் பெரியப்பா முறையானவர்.

இந்த உடன்படிக்கைக்கு இசைந்தவரும், நான்கு ஆண்டுகளுக்குள் அதற்கு எதிராக வாளெடுத்தவரும் ஒருவரே. தளவாய் என்பது திருவிதாங்கூரின் தலைமை அமைச்சரைக் குறிக்கும் பட்டம். அதன் பொருளிலேயே படைத்தலைமையும் அடங்கியிருந்தது. தளவாய் வேலுத்தம்பி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தில் 1765இல் பிறந்தவர். வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்பது முழுப்பெயர். மகாராஜா பாலராம வர்மாவின் தொடக்க ஆட்சியில் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி முதலிய மூவர் மக்களிடம் பலவந்தமாகப் பணம் பறித்தபோது, 1799இல் தென்பகுதி மக்களைத் திரட்டித் தலைநகருக்கு வந்து அவர்களைப் பதவியிறக்கியதால் புகழ்பெற்றார். அம்மக்கள் கூட்டம் தலைநகரை நோக்கி வந்ததும் இதே தென்பெருவழியை ஒட்டித்தான். அதிகாரத்துக்கு வந்தபின் கணக்குகளில் ஒழுங்கைக் கொண்டுவந்தார். ஊழல் செய்தவர்களுக்கு அவர் விதித்த தண்டனைகள் மிகக் கொடியனவாகவும் இருந்தன. செலவைக் குறைக்க வீரர்களின் படியில் கைவைத்ததால் 1804இல் நாயர் படை கலகம் செய்தது. அப்போது வேலுத்தம்பி அடைக்கலம் தேடிச் சென்றது கொச்சியில் இருந்த மெக்காலேயிடம்தான். அந்தக் கலகத்தை அடக்கிய உதவிக்கான விலையாகவே 1805ஆம் ஆண்டு உடன்படிக்கை வந்தது. ஆகவே அவரைத் தொடக்கம் முதலே ஆங்கிலேயரை எதிர்த்தவராகச் சித்திரிக்கும் நூல்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை. தன் கையாலேயே கட்டிய கயிறு தன் நாட்டின் கழுத்தை இறுக்குவதைக் கண்டுகொண்டு, அதை அறுக்கத் துணிந்தவர் என்பதே அவரைப் பற்றிய உண்மையும், அவருடைய பெருமையும் ஆகும்.

நிலுவைத் தொகை பெருகியது. மெக்காலேயின் நெருக்குதலும் பெருகியது. திருவிதாங்கூர் தன் செலவில் வைத்திருந்த கர்நாடகப் படைப்பிரிவைக் கலைத்துவிட்டு அந்தப் பணத்தைத் தரும்படி அவர் வற்புறுத்தினார். சொந்தப் படையைக் கலைத்து அந்நியப் படைக்குச் சம்பளம் கொடுப்பதில் எந்த நாட்டுக்கும் எஞ்சுவது என்ன என்னும் கேள்வியை வேலுத்தம்பி எதிர்கொண்டார். கொச்சி அரசின் அமைச்சரான பாலியத்தச்சனும் அவரோடு சேர்ந்துகொண்டார். 1808 டிசம்பர் 28ஆம் நாள் இரவு கொச்சிக்கருகே போல்காட்டியில் இருந்த ரெசிடென்டின் மாளிகை தாக்கப்பட்டது. மெக்காலே மறைந்திருந்து, பின்பு கப்பலேறித் தப்பினார். கொல்லம் ஆண்டு 984, மகரம் முதல் நாளில், அதாவது 1809 ஜனவரி மாதத்தில், குண்டறையில் வேலுத்தம்பி வெளியிட்ட அறிக்கை, கம்பெனி நாட்டைக் கைப்பற்றினால் உப்பு முதலிய பொருள்கள் தனியுரிமைக்கு உட்படும், நிலத்துக்கும் மரத்துக்கும் வரி ஏறும், கோயில்களின் மரபு சிதையும் என்று மக்களை எச்சரித்தது. சமயம் பற்றிய அச்சத்தையும் பொருளாதாரம் பற்றிய அச்சத்தையும் ஒரே மூச்சில் பேசிய அந்த அறிக்கையே நாயர் வீரர்களையும் குடியானவர்களையும் ஒருங்கே திரட்டியது. இதே நாட்களில் ஆலப்புழைப் பகுதியில் கரையிறங்கிப் பிடிபட்ட 12ஆம் ரெஜிமென்டின் வீரர்கள் ஏறத்தாழ 30 பேர் கொல்லப்பட்டனர். ஆயுதம் இழந்து பிடிபட்டவர்களைக் கொன்ற அச்செயலை எந்த நாட்டுப்பற்றும் நியாயப்படுத்த இயலாது. போருக்குப்பின் ஆங்கிலேயர் எடுத்த பழிக்கும் அதுவே அவர்களுடைய வாதமாயிற்று.

கொல்லத்தில் ஜனவரி 15 அன்று கர்னல் சால்மர்ஸின் படையோடு நடந்த மோதலில் திருவிதாங்கூர்ப் படை தன் பீரங்கிகளில் பலவற்றை இழந்து பின்வாங்கியது. அங்கே ஏற்பட்டது பின்னடைவுதான். முடிவு தெற்கே காத்திருந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட கர்னல் செயின்ட் லெஜரின் படை பாளையங்கோட்டை வழியாக வந்து பிப்ரவரி முதல் வாரத்தில் ஆரல்வாய்மொழிக்கு எதிரே பாளையமிறங்கியது. காற்று இடைவிடாமல் வீசும் கணவாய் அது. இன்று முப்பந்தலின் காற்றாலைகள் நிற்பதும் அதே காற்றை நம்பித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் குன்றுகளுக்கு இடைப்பட்ட அத்திறப்பை அடைத்து, சுமார் 2 மைல் நீளத்துக்குக் கல்மதில் எழுப்பப்பட்டிருந்தது. இரண்டு மூன்று பெரும் பீரங்கிகளைத் தாங்கும் சிறு கொத்தளங்களை வரிசையாக அமைத்து, அவற்றை மதிலால் இணைத்திருந்தனர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்பு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய், தென்னெல்லைக் காவலைத் திருத்தியமைத்தவர். கடலோரத்தின் வட்டக்கோட்டையும் அவர் கைவண்ணமே. ஓர் ஐரோப்பியப் படையைத் தோற்கடித்த நாடு, தோற்றவனின் கலையையே கற்றுக்கொண்டு எழுப்பிய காவல் அமைப்பு இது.

சமவெளியிலிருந்து நேராக மோதினால் இம்மதிலைப் பிடிப்பதற்குப் பெரும் உயிர்ச்சேதம் ஆகும் என்பதைச் செயின்ட் லெஜர் உணர்ந்திருந்தார். பெரிய பீரங்கிகளும் அவரிடம் போதுமான அளவில் இல்லை. அப்போது மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர், மதிலின் தென்கோடி முடியும் குன்றின்மீது இரவில் ஏறி, மேலிருந்து இறங்கித் தாக்கலாம் என்று யோசனை கூறினார். வெல்ஷ் தமிழ்நாட்டு வரலாற்றில் புதியவர் அல்லர். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்டவர். அப்போரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஒரு பகுதி 1830இல் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளிலிருந்து கிடைத்ததே. பிப்ரவரி 9ஆம் நாள் இரவு, 69ஆம் ரெஜிமென்டின் இரண்டு கம்பெனி வெள்ளைச் சிப்பாய்களையும் மதராஸ் சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு, அடர்ந்த புதரும் பாறையும் நிறைந்த குன்றில் அவர் ஏறத் தொடங்கினார். ஏறுவதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் பிடித்தது. மனிதர் ஏற முடியாது என்று நம்பி அப்பக்கத்தைக் காவலர் கவனிக்காமல் விட்டிருந்தனர். விடிவதற்குள் மதிலின் தென்முனைக் கொத்தளம் வெல்ஷின் கையில் இருந்தது. பிப்ரவரி 10ஆம் நாள் காலையில் கீழிருந்து துணைப்படை ஏறி வந்து சேர்ந்ததும் கொத்தளங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தங்கள் பீரங்கிகளே தங்களை நோக்கித் திரும்பியதைக் கண்ட திருவிதாங்கூர் வீரர்கள் கலைந்தோடினர். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சியின்போது பெருஞ்சேதம் அடைந்தது இதே 69ஆம் ரெஜிமென்ட்தான். அவர்களோடு தோளுரசி ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்நாட்டு மக்களின் தோளேறாமல் கம்பெனி இங்கே எந்த மதிலையும் தாண்டியதில்லை.

மலையின் இயற்கைக் காவலை மட்டுமே நம்பி, அதன்மேல் ஒரு சிறு காவல் கூட வைக்காமல் விட்டதே தோல்வியின் முதற்காரணம். எனினும் மதிலுக்குப் பின்னே இரண்டாவது அரணமைப்பு எதுவும் ஆயத்தமாக இல்லாததுதான் பெருங்குறை. நாஞ்சில் நாட்டில் அது கும்பப்பூ அறுவடையை நெருங்கிய பருவம். வயல்கள் நெல் விளைந்து நின்ற அச்சமவெளியில் பின்வாங்கும் படைக்கு ஒதுங்க இடமில்லை. பிப்ரவரி 17 அன்று நாகர்கோவிலருகே எஞ்சிய படை நின்று பார்த்துத் தோற்றது. அடுத்த ஓரிரு நாள்களில், டி லனாய் திருத்திக் கட்டிய, அவரே அடக்கம் செய்யப்பட்ட உதயகிரிக் கோட்டையும், பழைய தலைநகரான பத்மநாபபுரமும் சண்டையின்றிப் பணிந்தன. கம்பெனிப் படை பெருவழியிலேயே நடந்து, கரமனை ஆற்றுக்கு அக்கரையில் பாப்பனங்கோட்டில் பாளையமிறங்கியது. அங்கிருந்து ஆரியசாலைக்கு ஒரு மணி நேர நடை. கோட்டைக்குள் படை நுழையாதபடி மகாராஜா தூது அனுப்பிப் பணிந்ததால், கடைத்தெரு கொள்ளைபோகாமல் தப்பியது.

ஆரல்வாய்மொழியிலிருந்து தலைநகருக்கு விரைந்து வந்த வேலுத்தம்பி, எல்லாக் குற்றத்தையும் தன்மீதே சுமத்தி அரசைக் காப்பாற்றிக்கொள்ளும்படி மகாராஜாவிடம் கூறிவிட்டு வடக்கே சென்றார் என்பது மரபாக வழங்கும் செய்தி. கிளிமானூர் அரண்மனையில் தம் வாளை ஒப்படைத்தார். புதிய தளவாயாக அமர்ந்த உம்மிணித்தம்பியின் ஆட்கள் அவரைத் தேடினர். 1809 மார்ச் மாத இறுதியில் மண்ணடியிலுள்ள பகவதி கோயிலில் சூழ்ந்துகொள்ளப்பட்டபோது, உயிரோடு பிடிபட மறுத்து அவர் மாண்டார். அவருடைய உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் பொதுமக்கள் பார்வைக்குத் தொங்கவிட்டனர். இறந்தவரின் உடலை இவ்வாறு நடத்தியதைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார் என்பது அச்செயலின் தன்மையை எடுத்துக்காட்டப் போதுமானது. வேலுத்தம்பியின் தம்பி பத்மநாபன் கொல்லத்தில் 12ஆம் ரெஜிமென்டின் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீடு இடிக்கப்பட்டது. உறவினர்களை மாலத்தீவுக்கு நாடுகடத்த உத்தரவாயிற்று.

வென்றவர்களுக்கும் அவ்வாண்டு நற்காலமாக அமையவில்லை. மதராஸ் கவர்னர் ஜார்ஜ் பார்லோ, படை அதிகாரிகளின் படிகளைக் குறைத்ததால் எழுந்த அதிருப்தி 1809இல் வெள்ளை அதிகாரிகளின் கலகமாகவே வெடித்தது. அதில் எதிர்ப்பு மனுவோடு தொடர்புபடுத்தப்பட்டு மே மாதம் முதல் நாளில் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர், ஆரல்வாய்மொழியை வென்று மூன்று மாதம்கூட ஆகாத செயின்ட் லெஜர். வீரர்களின் படியைக் குறைத்ததால் 1804இல் வேலுத்தம்பி சந்தித்த அதே கலகத்தை, அதே காரணத்தால், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கம்பெனியும் சந்தித்தது.

பின்விளைவுகளில் முதலாவது, திருவிதாங்கூரின் படை கலைந்தது. சில நூறு பேர் கொண்ட சடங்குக் காவல் மட்டும் எஞ்சியது. 1830இல் நாயர் பிரிகேட் என்று பெயர் பெற்ற அமைப்பு அதன் வழிவந்ததே. போர்ச் செலவும் துணைப்படை நிலுவையும் நாட்டின் தலைமேல் விழுந்தன. உம்மிணித்தம்பி வணிகத்தைப் பெருக்கி வருவாய் காணும் முயற்சியில் இறங்கினார். விழிஞ்ஞத்தைத் துறைமுகமாக வளர்த்ததும், தென்பெருவழியின் ஓரத்தில் மகாராஜாவின் பெயரால் பாலராமபுரத்தை நிறுவித் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் என்னும் நெசவாளர்களைக் குடியேற்றியதும் அவர் காலத்தில் நிகழ்ந்தவை. படை நடந்து ஓரிரு ஆண்டுகளுக்குள், அதே வழியில் தறியும் நூலுமாக மக்கள் வந்தனர். பாலராமபுரம் கைத்தறி இன்றும் கேரளத்தின் பெயர்பெற்ற துணி; அதன் பிறப்பு ஒரு தோல்வியின் கடன் சுமைக்கு நடுவே நிகழ்ந்தது என்பது அதை உடுத்துவோரில் பலருக்குத் தெரியாது. கடனை அடைக்க அதுவும் போதவில்லை. 1810 நவம்பரில் பாலராம வர்மா இறந்து, ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சிக்கு வந்ததும் உம்மிணித்தம்பி பதவி இழந்தார். பின்பு செங்கற்பட்டுக்கு நாடுகடத்தப்பட்டார். தளவாய் என்னும் பட்டம் அவரோடு முடிந்தது.

1811 முதல் 1814 வரை ரெசிடென்ட் கர்னல் ஜான் மன்றோவே திவானாகவும் இருந்தார். ஆலோசனை கூறுபவரும் அதை நிறைவேற்றுபவரும் ஒரே ஆளாக ஆனபோது, 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையின் உட்பொருள் முழுமையாக வெளிப்பட்டது. நீதிமன்றங்கள் ஏற்பட்டன, வருவாய் அதிகாரிகளின் கையிலிருந்த நீதி அதிகாரம் பிரிக்கப்பட்டது, 1812இல் அடிமை விற்பனைக்கு எதிரான அரசாணை வந்தது. இவை நன்மைகள், இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே காலத்தில் தேவசுவம் எனப்படும் கோயில் சொத்துகள் பெருமளவில் அரசின் நிர்வாகத்துக்குள் வந்து, அவற்றின் நிலவருவாய் கருவூலக் கணக்கில் சேர்ந்தது. கோயில்களின் மரபு பற்றிக் குண்டறை அறிக்கை எழுப்பிய அச்சம் கற்பனையன்று என்பதை இது காட்டுகிறது. உப்பைப் பற்றிய அச்சமும் அவ்வாறே. 1865இல் கம்பெனிக்குப் பின்வந்த ஆங்கில அரசோடு திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, நாடுகளிடையே பெரும்பாலான சுங்கங்களை நீக்கியது. அதற்கு ஈடாக உப்பு விலை ஆங்கிலேய இந்தியாவின் விலைக்கு உயர்த்தப்பட்டது. சுங்கம் நீங்கியதால் ஆரல்வாய்மொழி வழியாகச் சாலைக்கும் ஆரியசாலைக்கும் சரக்கு வருவது எளிதாயிற்று. உப்பு விலையின் சுமை ஏழை வீட்டு அடுப்படியில் இறங்கியது.

வேலுத்தம்பியின் வாள் கிளிமானூரில் ஒன்றரை நூற்றாண்டு இருந்து, பின்பு தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்று, 2010இல் திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. மண்ணடியில் நினைவகம் உண்டு; தலைமைச் செயலக வளாகத்தில் சிலை உண்டு. ஆனால் அவர் பிறந்த தலக்குளமும், போர் நடந்த ஆரல்வாய்மொழியும், உதயகிரியும், பத்மநாபபுரமும் 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அந்த எல்லைக்கோடு நிர்வாகத்துக்குத் தேவையானதாக இருக்கலாம். வரலாற்றை அது பாதியாக வெட்டிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாஞ்சாலங்குறிச்சியும் வேலூரும் பெறும் இடத்தை ஆரல்வாய்மொழி பெறவில்லை. கேரள நூல்களில் குண்டறையும் மண்ணடியும் பெறும் இடத்தை, முடிவைத் தீர்மானித்த அக்கணவாய் பெறவில்லை.

வெட்டப்படாமல் எஞ்சியிருப்பது வழி ஒன்றே. நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக அவ்வழியே புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கின்றனர். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து மாறிய பின் ஏற்பட்ட வழக்கம் இது. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், முன்னுதித்த நங்கை செந்திட்டை அம்மன் கோயிலிலும் எழுந்தருள, குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை அம்மன் கோயிலில். விஜயதசமியன்று அவர் பூஜைப்புரைக்குச் சென்றுவந்த பின் மூவரும் வந்த வழியே திரும்புகின்றனர். எல்லையான களியக்காவிளையில் இரு மாநில அதிகாரிகளும் காவலரும் நின்று ஊர்வலத்தை ஒப்படைத்து ஏற்கின்றனர். 1809ஆம் ஆண்டுப் போரின் வரலாறும் தமிழிலும் மலையாளத்திலுமாக இரு பக்கமும் கைமாறி எழுதப்பட வேண்டும்; இரு மொழியும் வீட்டிலும் கடையிலும் புழங்கும் ஆரியசாலைத் தமிழர்கள் அப்பணியைத் தொடங்க முன்வர வேண்டும்.